சிப்பிப் பெட்டியும் மூன்று முழுக்கும்

ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டில் தூத்துக்குடி பஸ் வந்து நின்றால் எல்லாரும் இறங்குகிற ஆட்களைப் பார்ப்பார்கள். நான் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கிற பெட்டியைப் பார்ப்பேன். பழுப்பு டேப் சுற்றிய வெள்ளைத் தெர்மோகோல் பெட்டி. உள்ளே உயிரோடு கடல் சிப்பிகள் இருக்கும்.

கண்டக்டருக்கு அந்தப் பெட்டியைக் கண்டாலே ஆகாது. "யக்கா, மீனை இப்பிடிப் பஸ்ஸுல அனுப்புனா நாங்க பொழைக்கிறதா என்ன? கேட்டா சிப்பிங்கிறீக."

"நாறுச்சுன்னா நானே வாங்க மாட்டேன் தம்பி. மோந்து பாருங்க."

அவர் உண்மையாகவே குனிந்து மோந்து பார்த்தார். "கடல் வாசந்தான் அடிக்குது," என்று ஒப்புக்கொண்டார். அதற்குப் பிறகு பெட்டிக்கு லக்கேஜ் டிக்கெட் போட்டாலும் முறைப்பது நின்றுவிட்டது.

நான் பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூர், வாக்கப்பட்டது ராஜபாளையம். இரண்டு ஊரிலும் கடல் கிடையாது. மேற்கே பார்த்தால் மலை, கிழக்கே பார்த்தால் கரிசல். நடுவில், இரண்டு ஊருக்கும் இடையே இருக்கிற ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியல் ஆய்வுக்கூட உதவியாளர் வேலை எனக்கு. கடற்கரையில் ஆய்வு செய்கிற ஒரு பேராசிரியரோடு எங்கள் துறைத் தலைவர் சேர்ந்து ஒரு திட்டம் எடுத்தார். கழிமுகத்துச் சிப்பிகளில் எந்தப் பருவத்தில் எவ்வளவு கிருமி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அங்கே சிப்பி இருந்தது, இடம் இல்லை. எங்களிடம் இடம் இருந்தது, சிப்பி இல்லை. அப்படித்தான் கடல் பஸ் ஏறி எங்கள் ஊருக்கு வர ஆரம்பித்தது. பால்கோவா ஊரில் பிறந்தவள் சிப்பியை நோண்டிச் சம்பாதிக்கிறாள் என்று என் அம்மா எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாள். சிரிப்பில் கொஞ்சம் பெருமையும் இருக்கும்.

வேலை ஒன்றும் பெரிய மந்திரம் இல்லை. பெட்டியில் ஐஸ் சிப்பியைத் தொடக் கூடாது, இடையில் செய்தித்தாளை மடித்து வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் நாங்கள் தேடுகிற கிருமி குளிரில் வழியிலேயே சுருண்டுவிடும். வந்ததும் ஓட்டைத் தேய்த்துக் கழுவி, ஸ்பிரிட் துடைத்து, மொட்டைக் கத்தியை ஓட்டின் மூட்டில் செருகித் திருகினால் சிப்பி வாயைத் திறக்கும். சதையை எடுத்து உப்புநீரில் அரைத்து, சத்துநீரில் ஓர் இரவு வளரவிட்டு, மறுநாள் கரும்பச்சைக் கூழ் உறைந்த கண்ணாடித் தட்டில் கம்பியால் இழுத்துவிடுவேன். அதற்கு மறுநாள் தட்டில் பொட்டுப் பொட்டாக முளைத்திருக்கும். சிலது மஞ்சள், சிலது பச்சை. விப்ரியோ என்று அந்தக் குடும்பத்துக்குப் பெயர். எனக்கு வாசலில் புள்ளி வைத்தது போலத்தான் தெரியும்.

கரையில் சிப்பி எடுத்து அனுப்புகிறவர் பெட்டி ஏற்றியதும் போன் செய்து தண்ணீரின் சூட்டையும் உப்பையும் சொல்லுவார். கோடையில் "தண்ணி கொதிக்குது மேடம்" என்பார். ஒரு மழை பெய்து ஆற்று நீர் கலந்துவிட்டால் "உப்பு எறங்கிருச்சு மேடம்" என்பார். சூடு ஏறி உப்பும் கொஞ்சம் இறங்கியிருந்தால் எனக்குத் தட்டைப் பார்க்காமலே தெரிந்துவிடும், பச்சைப் பொட்டு அப்பிக் கிடக்கும் என்று. மார்கழியில் வருகிற சிப்பியில் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். சிப்பிக்கு இதில் ஒரு நோவும் கிடையாது. நாள் முழுக்கக் கடலை உறிஞ்சி வடிகட்டி விடுவதுதான் அதற்குப் பிழைப்பு. கடலில் என்ன இருக்கிறதோ அது சிப்பிக்குள்ளும் இருக்கும். கிருமி நிறைந்த சிப்பியும் பார்க்கப் பளபளவென்று, மோந்தால் நல்ல கடல் வாசத்தோடு, உயிரோடுதான் இருக்கும். இதை நான் வீட்டில் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

வீடு என்றால் நானும் அவரும்தான். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்து, காயத்துக்குப் போடுகிற கட்டுத்துணி நெய்கிற ஒரு ஆலையில் சூப்பர்வைசராக இருக்கிறார் என் வீட்டுக்காரர். குடி, சிகரெட் எதுவும் கிடையாது. ஆனால் பட்டாளத்தில் இருக்கும்போதே ரத்தத்தில் மஞ்சள்காமாலைக் கிருமி இருப்பதாகக் கண்டுபிடித்து, அது போகாமல் தங்கிவிட்டது. லிவர் கொஞ்சம் சுருங்க ஆரம்பித்திருக்கிறது, மாத்திரையை விடாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆளைப் பார்த்தால் அப்படித் தெரியாது. காலையில் ஓடுவார், என்னைவிட வேகமாக மாடி ஏறுவார். லிவர் கெட்டவர்களைத்தான் இந்தப் பச்சைப் பொட்டுக் கிருமி கொன்று போடும் என்று நான் படித்திருந்தேன். படித்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர்தான் சிப்பி தின்கிற ஆள் இல்லையே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

கிருமி உடம்புக்குள் போக, தின்பதைத் தவிர இரண்டாவது வழி ஒன்று உண்டு. திறந்த புண் வழியாக.

அந்த வழி எங்கள் வீட்டுக்குள் வந்தது என்னால்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால் எனக்கு மார்பில் ஒரு கட்டி வந்தது. மதுரைக்குப் போய் ஊசி போட்டுச் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த நாட்களில் நான் எல்லார் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். அவர் பொறுத்துக்கொண்டார். கெட்ட கட்டி இல்லை என்று தாள் கைக்கு வந்ததும், ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே சொன்னார். "ஒனக்கு ஒண்ணும் இல்லன்னா வெறுங்காலோட திருச்செந்தூருக்கு நடந்து வந்து கடல்ல முழுகுறேன்னு வேண்டியிருக்கேன்." எனக்கு அன்றைக்கு அது காதில் தேன் மாதிரி விழுந்தது. கடலைப் பற்றி யோசிக்கவே இல்லை.

ஆலையில் லீவு கிடைக்காமல் தள்ளிக்கொண்டே போய், கடைசியில் ஒரு வைகாசியில் தெருவிலிருந்து கிளம்புகிற பாதயாத்திரைக் கூட்டத்தோடு தானும் போகப் போவதாகச் சொன்னார். பச்சை வேட்டி வாங்கி வந்தாகிவிட்டது. அந்த வைகாசியில்தான் கோடை மழை கொட்டி, கரைக்காரர் தினமும் போனில் தண்ணீர் சூட்டைச் சொல்லிச் சொல்லி அலுத்துக்கொண்டிருந்தார்.

"நடந்து போங்க, வேண்டாங்கல. செருப்புப் போட்டுக்கிட்டுப் போங்க," என்றேன்.

"செருப்புப் போட்டுக்கிட்டுப் போறதுக்கு வேண்டுதல் எதுக்கு? பஸ்ஸுலயே போயிறலாமே."

"சரி, செருப்பு வேண்டாம். கடல்ல மட்டும் எறங்காதீக."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "திருச்செந்தூர் போயிக் கடல்ல எறங்காம வாரதா? நல்லாயிருக்கே நாயம்."

"கால் பூராக் கொப்புளமா ஒடஞ்சு கெடக்கும். அதோட எறங்குனா என்ன ஆகும் தெரியுமா?"

"ஆறும். உப்புத் தண்ணி பட்டா புண்ணு ஆறும். செத்த நேரம் எரியும், பொறவு அப்பிடியே காஞ்சிரும். ஊருக்கே தெரியும், படிச்ச ஒனக்குத் தெரியல."

கடல் இல்லாத ஊர்க்காரர்களின் நம்பிக்கை இது. நடந்து கால் வெந்து போய்ச் சேருகிற எல்லாரும் முதலில் உப்புத் தண்ணீரில் காலை வைப்பார்கள். சுரீர் என்று எரிந்தால் மருந்து வேலை செய்கிறது என்று சந்தோஷப்படுவார்கள். பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை, அதுவும் உண்மைதான். நல்ல லிவர் இருக்கிறவர்கள் எரிச்சலோடு தப்பித்துக்கொள்வார்கள். ஆனால் நான் வளர்க்கிற கிருமிக்கு உப்பு என்பது விஷமில்லை, சாப்பாடு மாதிரி. உப்பில்லாத தட்டில் அது முளைக்கவே முளைக்காது. இதை நான் எத்தனை தடவை சொன்னாலும் அவர் "ம்" என்பார். பட்டாளத்து "ம்"முக்குக் கேட்டேன் என்று அர்த்தம், ஒப்புக்கொண்டேன் என்று அர்த்தம் இல்லை.

அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை வண்டியில் உட்கார வைத்து ஆய்வுக்கூடத்துக்கே கூட்டிக்கொண்டு போனேன். முந்தின வாரத்துச் சிப்பியிலிருந்து முளைத்த தட்டை எடுத்து, மூடியைத் திறக்காமல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன்.

"இது அம்புட்டும் ஒரு சிப்பிக்குள்ள இருந்ததா?"

"ஒரு சிப்பியில துளியூண்டு எடுத்ததுல."

கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "அழகாத்தான் இருக்கு," என்றார். எனக்கு வந்த கோபத்தில் தட்டை அங்கேயே போட்டு உடைத்திருப்பேன். என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு உடனே இறங்கி வந்தார். "சரி, விடு. கடல்ல எறங்கல. கோயில் நாழிக்கிணத்து நல்ல தண்ணியில மட்டும் குளிச்சுட்டு வாரேன். போதுமா?"

போதும் என்றேன். அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்கிற மனுஷன் இல்லையே என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

கூட்டம் கிளம்பிய அன்றைக்கு வேன் ஒன்று கஞ்சி அண்டாவோடு பின்னால் போனது. அவர் பையில் நான் எங்கள் ஆலைக் கட்டுத்துணிச் சுருள் இரண்டு, மருந்து, டேப் எல்லாம் வைத்து அனுப்பினேன். வழியெல்லாம் போனில் "கால் எப்பிடி இருக்கு?" என்றுதான் கேட்டேன். "இருக்கு, ரெண்டும் இருக்கு," என்பார்.

சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் வேனில் திரும்பி வந்தார். உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தால் கொப்புளம் கிழிந்து தோல் தொங்குகிறது. குதிகாலுக்கு மேலே ஒரு நீளக் கீறல். சோப்புப் போட்டுக் கழுவி மருந்து வைத்தேன்.

"கடல்ல எறங்குனீகளா?"

"இல்ல."

"சத்தியமா?"

"இல்லன்னா இல்ல. இதுல என்ன சத்தியம்?"

"இந்தக் கீறல்?"

"கருவேல முள்ளு. சங்கரன்கோவில் தாண்டி."

பச்சை வேட்டியை அவரே குழாயடியில் அலசிக் கொடியில் போட்டார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு கைக்குட்டை அலசியதில்லை. முருகனைப் பார்த்து வந்த புண்ணியத்தில் மனுஷன் திருந்திவிட்டார் என்று நினைத்து நான் பூரித்துப் போனேன், கேளுங்கள்.

மறுநாள் காலையில் நன்றாகத்தான் இருந்தார். பதினோரு மணி வாக்கில் குளிர்கிறது என்று போர்வை கேட்டார். வைகாசி வெயிலில் போர்வை. தொட்டால் உடம்பு கொதிக்கிறது. காலைப் பார்த்தால் கெண்டைக்கால் பாதி வரைக்கும் சிவந்து வீங்கிப் பளபளக்கிறது. ஆட்டோ பிடித்து, நாங்கள் எப்போதும் போகிற ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

டாக்டர் நிதானமான மனுஷர். காலை அழுத்திப் பார்த்துவிட்டு, "ஏதாவது குத்துச்சா?" என்றார்.

"கருவேல முள்ளு சார். சங்கரன்கோவில் தாண்டி," என்றார் இவர், அதிகாரியிடம் ரிப்போர்ட் கொடுக்கிற மாதிரி.

முள் குத்திச் சீழ் வைப்பது எங்கள் பக்கம் தினப்படி சமாசாரம். டாக்டர் அதற்குண்டான ஊசியை எழுதினார். சிவப்பு முடிகிற இடத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு, "கோட்டைத் தாண்டுதான்னு பார்த்துக்கிட்டே இருங்கம்மா," என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனார்.

நான் கோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் சிவப்பு கோட்டைத் தாண்டிவிட்டது போலிருந்தது. கண் பொய் சொல்லுமென்று விரலை வைத்துப் பார்த்தேன். விரல் அகலத்துக்குத் தாண்டியிருந்தது. கீறலுக்குப் பக்கத்தில் தோல் ஊதா நிறமாகி, ஒரு கொப்புளம் எழும்பிக்கொண்டிருந்தது, உள்ளே கருஞ்சிவப்பாக நீர். முள்ளுக்கு இப்படி வராது.

அவர் பக்கத்தில் குனிந்தேன். "என்னங்க, கடல்ல எறங்குனீகளா?"

மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

"சொல்லுங்க. உசுரு போற விசயம்."

"திட்டுவ."

"திட்ட மாட்டேன்."

கண்ணை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தார். "இப்பவே திட்டுற மூஞ்சியாத்தான் இருக்கு."

என் மூஞ்சி அப்படி. அம்மாவிடமிருந்து வந்தது. பாசமாகப் பேசினாலும் சண்டை பிடிக்கிற மாதிரிதான் இருக்கும். நான் எழுந்து, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்து நின்றேன். பக்கத்துக் கட்டில்காரம்மா என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பாள்.

"திரும்பிக்கிட்டேன். இப்பச் சொல்லுங்க."

முதுகுக்குப் பின்னால் கட்டில் கிரீச்சிட்டது. பிறகு மெதுவாகச் சொன்னார். "நேத்துக் காலையில மூணு முழுக்குப் போட்டேன்."

"எங்க?"

"கூட்டமா இருந்துச்சு. ஓரமாப் பாறைப் பக்கம் போனேன். அலை தள்ளி வழுக்கிருச்சு. பாறை பூராச் சிப்பி ஒட்டிக் கெடந்துச்சு, ஒன் சிப்பிதான். அதுதான் கீறிருச்சு." மூச்சு வாங்கினார். "ஒனக்காக வேண்டுனது. பாதியில விட்டுட்டு வந்து, நாளைக்கு ஒனக்கு மறுபடி ஒண்ணு வந்துச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

சுவரில் யாரோ குழந்தை கிறுக்கி வைத்திருந்த பென்சில் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவரை அப்படியே வாரி மடியில் போட்டுக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அதற்கு நேரமில்லை. டாக்டரைத் தேடி ஓடினேன்.

"முள்ளு இல்ல சார். கடல் தண்ணி. பாறையில சிப்பி கீறியிருக்கு. அவருக்கு லிவர் ஏற்கெனவே சரியில்ல. கோட்டைத் தாண்டிருச்சு, ஊதாவா கொப்புளம் போடுது. விப்ரியோவா இருக்கும் சார், நான் அதைத்தான் தினமும் வளர்க்கிறேன்."

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். டாக்டர் "எப்ப எறங்கினார்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். சனிக்கிழமை காலை என்றேன். அதற்குப் பிறகு டாக்டர் நடந்து நான் பார்க்கவில்லை, ஓடித்தான் பார்த்தேன். மருந்து மாறியது. சர்ஜனுக்குப் போன் போனது. என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "காலைத் திறந்து கெட்டதை எடுத்துக் கழுவணும். எவ்வளவு தூரம் போயிருக்குன்னு திறந்தாத்தான் தெரியும். கால் போகலாம். அதுக்கு மேலயும் போகலாம். நீங்க இதைப் படிச்சவங்க, உங்ககிட்ட மறைக்கல."

படித்தது எவ்வளவு பெரிய பாரம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மற்றப் பெண்கள் என்றால் டாக்டர் பார்த்துக்கொள்வார் என்று இருந்திருப்பார்கள். எனக்கு அந்தக் கிருமி எத்தனை நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டாகப் பிளக்கும் என்று தெரியும். தியேட்டர் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து அதையே மனதுக்குள் பெருக்கிக்கொண்டிருந்தேன். ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, நாலு எட்டாகி. பெருக்கிப் பெருக்கி ஒரு கட்டத்தில் கணக்கு அறுந்து போனது. முருகா, என்றேன். அவர் காலையும் உயிரையும் கொடுத்துவிடு, நான் நடந்து வந்து உன் கடலில் முழுகுகிறேன் என்றேன். சத்தமாகவே சொல்லியிருக்கிறேன் போல. எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் "கேட்பாரும்மா," என்றார்.

காலைத் திறந்து வெகுநேரம் கழுவினார்கள். மறுநாளும் திறந்து கழுவினார்கள். கெண்டைக்காலில் ஒரு கை அகலத்துக்குத் தோலையும் கீழே கொஞ்சம் சதையையும் எடுக்க வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. புதிதாகப் போட்ட பேனாக் கோட்டுக்கு உள்ளேயே சிவப்பு நின்றது. இன்னும் அரை நாள் முள்ளுக்கு வைத்தியம் பார்த்திருந்தால் நாம் பேசிக்கொண்டிருக்க மாட்டோம் என்று டாக்டர் சொன்னார். சீழை வளர்த்துப் பார்த்த தாளும் வந்தது. நான் நினைத்த பெயர்தான் அதில் இருந்தது. ஆய்வுக்கூடத்தில் அந்தப் பெயரைப் பார்த்தால் சரியாகப் பிடித்துவிட்டோம் என்று சந்தோஷமாக இருக்கும். ஆஸ்பத்திரித் தாளில் பார்த்தபோது அதைச் சுக்குநூறாகக் கிழிக்கத் தோன்றியது.

அப்புறம் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். வீட்டுக்கு வந்த பின்னும் தினமும் கட்டு மாற்ற வேண்டும். நானே மாற்றக் கற்றுக்கொண்டேன். ஆலையிலிருந்து கட்டுத்துணி சுருள் சுருளாக வந்து குவிந்தது. "இம்புட்டு வருசம் நெய்யப் பார்த்தேன், இப்பத்தான் உடுத்துறேன்," என்பார்.

நான் வேலைக்குத் திரும்பிய முதல் நாள் பெட்டி வந்தது. கண்டக்டர் அவரே கீழே இறக்கிக் கொடுத்து, "அண்ணனுக்குத் தேவலையாக்கா?" என்று விசாரித்தார். மேஜையில் சிப்பிகளைப் பரப்பி வைத்துவிட்டுச் செத்த நேரம் கத்தியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். கோபம் வருமென்று நினைத்தேன். வரவில்லை. அது பாட்டுக்குப் பாறையில் ஒட்டி, சூடாகிப் போன கடலைக் குடித்து, பிழைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது. தான் சின்ன வயதில் இறங்கிய வைகாசிக் கடல் இப்படிச் சுட்டதில்லை என்று கரைக்காரர் போனில் சொன்னார். அதையும் குறித்துக்கொண்டேன். கையுறையை மட்டும் இரண்டாகப் போட்டுக்கொண்டு வேலையை ஆரம்பித்தேன்.

வேண்டுதலை அவரிடம் சொல்லாமலே வைத்திருந்தேன். ஆவணி பிறந்து, ஒட்டிய தோல் நன்றாகப் பிடித்து, டாக்டர் நடக்கச் சொன்ன பிறகு ஒரு நாள் காலையில் கட்டு மாற்றும்போது சொன்னேன். தரையில் உட்கார்ந்து, அவர் காலை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

"தைப்பூசத்துக்கு நான் திருச்செந்தூர் நடக்கணும்."

"எதுக்கு?"

"வேண்டியிருக்கேன். நீங்க தியேட்டருக்குள்ள இருக்கும்போது."

காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். நான் பிடித்துக்கொண்டேன்.

"செருப்போடயா, வெறுங்காலோடயா?"

"அதெல்லாம் விவரமாச் சொல்லலங்க. நடந்து வாரேன்னேன்."

"அப்ப செருப்புப் போட்டுக்கோ. நல்ல ஷூவே வாங்கித் தாரேன். வேண்டுதல்ல வெறுங்கால் இல்லைல்ல?" பிறகு சந்தேகத்தோடு கேட்டார். "நடக்குறது மட்டுந்தானா?"

"கடல்ல முழுகுறேன்னும் சொல்லிட்டேன்."

நான் பழைய துணியைப் பிரித்துப் போட்டுவிட்டுப் புதுத் துணியை எடுத்தேன். புதுத் தோல் வெளிர் ரோஸ் நிறத்தில், சின்னப் பிள்ளையின் தோல் மாதிரி மெல்லிசாக இருந்தது. அதன் மேல் துணி ஒட்டாமல் இருக்க மருந்தைத் தடவினேன்.

"ஏட்டி," என்றார். "சூடு, உப்பு, கிருமின்னு அம்புட்டும் தெரிஞ்சவ நீ. என்னையப் போயித் தட்டெல்லாம் காட்டி மெரட்டுன. நீ போயி எப்பிடிட்டி கடலை வேண்டுன?"

நான் சுற்றுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அழுதுவிடுவேன் என்று தெரியும்.

"அந்த நேரத்துல எனக்கு ஒண்ணுமே தெரியலங்க," என்றேன். "நீங்க வேணும்னு மட்டுந்தான் தெரிஞ்சுச்சு."

நான் கட்டுப் போட்டு முடித்து டேப் ஒட்டுகிற வரைக்கும் அவர் என் தலையில் கை வைத்திருந்தார்.